சுடத் தெரிந்தால் மட்டும் போதுமா? ஒரு ‘கன்மேன்’ வேலையும் சில கேள்விகளும்!

“பாப்பா, நீ பத்திரிகையில இருக்கியே... துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கிற வேலை நல்ல வேலையா, கெட்ட வேலையா?”

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளியிருக்கும் அத்தை, போன மாதம் ஒரு நாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டே இப்படிக் கேட்டார். சொந்த அத்தை இல்லை. தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். அவர் மகன் என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது 26 வயது. அப்பாவுக்கு முட்டி தேய்ந்து தறிக்குழியில் கால் வைக்க முடியாமல் போனதிலிருந்து, இவன்தான் தறியில் உட்கார்கிறான். ஜிம்முக்குப் போய் உடம்பை நன்றாக வைத்திருக்கிறான். அதுதான் விஷயமே.

நிலம் வாங்கி விற்கும் ஒருவர் அவனை ஜிம்மில் பார்த்திருக்கிறார். “எங்கூட வந்துடு. மாசம் 28,000. சஃபாரி டிரெஸ் நான் எடுத்துத் தர்றேன். துப்பாக்கி என்கிட்ட இருக்கு, லைசென்ஸ் இருக்கு. நீ இடுப்புல வச்சுக்கிட்டு என் பின்னாடி நின்னா போதும்.”

பட்டு நெய்து 28,000 பார்க்க எத்தனை நாள் ஆகும் என்பது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். அத்தைக்குக் கடன் இருக்கிறது. அதனால்தான் “நல்ல வேலையா, கெட்ட வேலையா” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “விசாரிச்சுச் சொல்றேன் அத்தை” என்றேன். விசாரித்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

லைசென்ஸ் யார் பெயரில்?

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். இந்தியாவில் துப்பாக்கி விஷயம் எல்லாம் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. அதன் நடைமுறை, 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். போலீஸ் விசாரித்து அறிக்கை தரும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: லைசென்ஸ் என்பது துப்பாக்கிக்கான ஆர்.சி. புத்தகம் மாதிரி இல்லை. அப்பா பைக்கை மகன் ஓட்டுவதுபோல, முதலாளியின் துப்பாக்கியை வேலைக்காரர் வைத்துக்கொள்ள முடியாது. உரிமையாளர் கூடவே இருக்கும்போது அவருடைய பயன்பாட்டுக்காகச் சுமக்கலாம். அவருடைய எழுத்து அனுமதியோடு ரிப்பேருக்கோ, லைசென்ஸைப் புதுப்பிக்கவோ எடுத்துப் போகலாம். சட்டம் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுக்கிறது. ‘இவர் என் காவலுக்காக இந்தத் துப்பாக்கியை ஏந்துவார்’ என்றால், அந்த நபரின் பெயரும் முறைப்படி லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். சுமப்பது வேறு, காவலுக்கு ஏந்துவது வேறு.

பெயர் இல்லாமல் கையில் துப்பாக்கியோடு பிடிபட்டால்? 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையைக் கூட்டினார்கள். குறைந்தது 2 ஆண்டு சிறை, 5 ஆண்டு வரை போகலாம். அதே திருத்தத்தில், கொண்டாட்டத்துக்காகச் சுடுவதும் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுடுவதும் தனிக் குற்றமாயின. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இன்னொன்று. சினிமாவில் பாடிகார்டு இடுப்பிலிருந்து உருவும் 9 எம்.எம். பிஸ்டல், சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அது போலீஸுக்கும் படைகளுக்கும் உரியது. தனியாருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 ரிவால்வர், பிஸ்டல், இல்லையென்றால் பேங்க் வாசலில் நாம் பார்க்கும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி.

20 நாள் பயிற்சி... அதில் துப்பாக்கி?

தனியார் செக்யூரிட்டி வேலைக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம். ஏஜென்சி நடத்த லைசென்ஸ் வேண்டும். காவலாளுக்கு 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

என்ன பயிற்சி? மத்திய அரசு 2006-ல் வெளியிட்ட மாதிரி விதிகளில் பட்டியலே இருக்கிறது. குறைந்தது 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி. குறைந்தது 20 வேலை நாள்களில் இதை நடத்த வேண்டும். ராணுவம், போலீஸிலிருந்து ஓய்வுபெற்று வருபவர்களுக்கு 40 மணி நேரம் வகுப்பு, 16 மணி நேரம் களம் என்று சுருக்கம். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும் என்றுகூட இருக்கிறது. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது என்று பட்டியல் நீள்கிறது.

கடைசிப் பக்கமாக வரும்போதுதான் நான் தேடியது கிடைத்தது. தடை செய்யப்படாத துப்பாக்கிகளைக் கையாள்வதும் இயக்குவதும்... அதற்குப் பக்கத்தில் ‘விருப்பப் பாடம்’!

ஒரு நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டேன். தனியாருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பாதுகாப்பாகக் கையாள்வது, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைப்பது எல்லாம் அதில் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு வாசற்படி. கூட்டத்துக்கு நடுவில், வேறொருவர் உயிரைக் காக்கும் பொறுப்போடு நிற்கும் மனிதனுக்கு அது மட்டும் போதுமா?

இதைக் கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பெரியப்பா.

“அன்னைக்கு நான் சுடல...”

என் பெரியப்பா ராணுவத்தில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். அதன்பிறகு 12 வருடம் ஒரு பேங்கில் துப்பாக்கிக் காவலர். சின்ன வயதில் அவர் கையில் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க நாங்கள் அலைந்திருக்கிறோம். ஒருமுறைகூடத் தொட விட்டதில்லை.

அவரிடம் பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு கதையை முழுசாகச் சொன்னார்.

ஒரு மாதத் தொடக்கம். பென்ஷன் கூட்டம். வயதான அம்மா ஒருவர் 40,000 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறார். ஒருவன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ரோடு முழுக்க ஜனம். “சுடுங்க சார், சுடுங்க!” என்று எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். பெரியப்பா துப்பாக்கியைத் தூக்கவில்லை. பின்னாலேயே ஓடியிருக்கிறார். 54 வயதில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? அவன் தப்பிவிட்டான்.

அதற்கப்புறம் பல மாதம் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் ‘டம்மி துப்பாக்கி’.

“அன்னைக்குப் போனது 40,000 ரூபா. அந்தம்மா அழுதது இன்னமும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா நான் சுட்டிருந்தா? 12 போர் தோட்டாவுக்குள்ள நிறைய சின்னச் சின்ன ஈயக்குண்டு இருக்கும்மா. குழலை விட்டு வெளிய வந்ததும் அது விரிஞ்சுக்கிட்டே போகும். அவன் முதுகுல நாலு, பக்கத்துல பூ விக்கிற பொண்ணு மேல ரெண்டு, ஸ்கூல் பையன் மேல ஒண்ணு. யார் திருடன், யார் பிள்ளைன்னு குண்டுக்குத் தெரியாது.”

சட்டமும் அவர் பக்கம்தான். தனியார் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. நமக்கெல்லாம் இருக்கும் தற்காப்பு உரிமைதான் அவருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைப் பேசுகின்றன. அதன் அடிப்படை ஒன்றுதான்: காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது. பணப்பையோடு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு, அதைத் தற்காப்பு என்று கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம்.

நான் நோட்டை மூடப்போனேன். பெரியப்பா, “இரு” என்றார்.

“சுடாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த பேங்க்ல சேர்ந்து அப்ப ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்துல ஒரு ரவுண்டுகூட பயிற்சிக்குச் சுடல. யாரும் அனுப்பல, நானும் கேக்கல. துப்பாக்கியைத் துடைப்பேன், எண்ணெய் போடுவேன், மாட்டிக்கிட்டு நிப்பேன். அன்னைக்குக் கை துப்பாக்கிக்குப் போச்சு... போன கையை நான் நம்பல. பட்டாளத்துல இருந்த கை இல்ல அது.”

ராணுவத்தில் 17 வருடம் இருந்தவர் சொல்கிறார். ஜிம்முக்கு மட்டும் போன 26 வயதுப் பையன் என்ன செய்வான்?

தறியும் துப்பாக்கியும்

பெரியப்பா சொன்னது துப்பாக்கிக்கு மட்டும் இல்லை. எங்கள் ஊரில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டு பக்கக் கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா. அந்த இணைப்பில் ஒரு இழை பிசகினாலும் சேலை காட்டிக்கொடுத்துவிடும். ஆறு மாதம் தறியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், முதல் இரண்டு நாள் கை சொன்னபடி கேட்காது என்பார்கள். தறியில் பிசகினால் இழையைப் பிரித்து மறுபடி நெய்யலாம். துப்பாக்கியில் பிரித்து நெய்ய எதுவும் இல்லை.

அதனால்தான் போலீஸிலும் படைகளிலும் சுடும் பயிற்சி என்பது சேரும்போது ஒருமுறை முடித்துவிடுகிற பரீட்சை இல்லை. திரும்பத் திரும்ப நடக்கும். தமிழ்நாடு போலீஸுக்கு நமக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கத்தில் சுடுதளம் இருக்கிறது. பெண் போலீஸாருக்கான அகில இந்தியத் துப்பாக்கிச் சுடும் போட்டி 2023-ல் அங்கேதான் நடந்தது.

நான்கே நான்கு விதிகள்

துப்பாக்கிப் பயிற்சி என்றதும் குறிபார்த்துச் சுடுவது என்றுதான் நானும் நினைத்தேன். “அது மூணாவது பாடம்” என்றார் பெரியப்பா. முதல் பாடம், தவறிச் சுடாமல் இருப்பது. உலகம் முழுக்கச் சுடுதளங்களில் சொல்லித்தரும் நான்கு விதிகள் இருக்கின்றன. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தொகுத்துப் பரவலாக்கியவை. எளிமையாகச் சொன்னால்:

1. எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்ட துப்பாக்கியாகவே நினை. ‘காலியாத்தான் இருக்கு’ என்ற பேச்சே கூடாது.

2. அழிக்கத் தயாராக இல்லாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. விளையாட்டுக்குக்கூட.

3. குறி வைத்து, சுடுவது என்று முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வைக்காதே.

4. எதைச் சுடுகிறாய் என்பதை மட்டுமல்ல, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்.

நான்கையும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். உடம்பில் ஏற வருடங்கள் ஆகும். 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தா, லைசென்ஸ் வாங்கிய தன் சொந்த ரிவால்வரிலிருந்து பாய்ந்த குண்டால் காலில் காயம்பட்டு மும்பை மருத்துவமனையில் சேர்ந்தது நினைவிருக்கும். எதிரி யாரும் இல்லை. வீட்டுக்குள் எடுத்து வைக்கும் நேரத்தில் நடந்த விபத்து.

நான்காவது விதிக்கு நம் மாநிலத்திலேயே ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே சுடுதளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தள்ளியிருந்த தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். பயிற்சிக்கென்றே ஒதுக்கிய இடம், பயிற்சி பெறும் படையினர். அங்கேயே இப்படி நடக்குமென்றால், முகூர்த்த நாள் காந்தி ரோட்டில் குண்டு எங்கே போய் நிற்கும்?

காவலனின் முதல் ஆயுதம் துப்பாக்கியா?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுகிறேன். 1991 மே 21 இரவு அங்கே முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அவருடைய தனிப் பாதுகாவலர் பி.கே.குப்தாவும் அந்த இடத்திலேயே இறந்தார். அவரையும் சேர்த்து, பணியிலிருந்த 9 போலீஸார் அன்றைக்கு உயிர்விட்டார்கள். மாலையோடு நெருங்கிய பெண்ணைத் தடுக்க முயன்ற பெண் போலீஸ் அதிகாரி ஒருவர் படுகாயத்தோடு பிழைத்தார்.

அங்கே துப்பாக்கிகள் இல்லாமல் இல்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட வெடிகுண்டின் முன்னால் துப்பாக்கி என்ன செய்யும்? காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றுதான். இடைவெளி. யாரைப் பக்கத்தில் விடுவது, யாரைச் சோதிப்பது, எங்கே கயிறு கட்டுவது என்பது. அந்த வேலை துப்பாக்கிக்கு வெகு முன்னால் தொடங்குகிறது.

1981 மார்ச் 30, வாஷிங்டன். ஹோட்டலிலிருந்து வெளியே வந்த அமெரிக்க அதிபர் ரீகனை நோக்கி ஒருவன் இரண்டு விநாடிக்குள் ஆறு முறை சுட்டான். பாதுகாவலர்கள் திருப்பி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஜெர்ரி பார் என்பவர் அதிபரைக் காருக்குள் தள்ளினார். டிம் மெக்கார்த்தி தன் உடம்பை அகலமாக விரித்துக் குறுக்கே நின்று, வயிற்றில் குண்டை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் சுட்டவனை அமுக்கினார்கள். கார் கிளம்பிய பிறகு ரீகன் வாயில் ரத்தத்தைக் கவனித்த பார், வெள்ளை மாளிகைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு விடச் சொன்னார். ரீகன் பிழைத்தார். மெக்கார்த்தியும் பிழைத்தார்.

2022 ஜூலை 8, ஜப்பானின் நாரா நகரம். முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே தெருவில் பேசிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்தவனின் முதல் குண்டு அவர்மீது படவில்லை. அடுத்தது பாய்ந்தது சுமார் இரண்டரை விநாடி கழித்து. அந்த இரண்டரை விநாடியில் அவரைக் கீழே தள்ளவோ, குறுக்கே நிற்கவோ யாராலும் முடியவில்லை. இரண்டாவது குண்டில் உயிர் போனது.

கோயில் ஊர்க்காரியாக என்னை அதிகம் யோசிக்கவைத்தது மூன்றாவது சம்பவம். 2024 டிசம்பர் 4, அமிர்தசரஸ் பொற்கோயில் வாசல். பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றி பக்தர்கள். ஒருவன் நடந்து வந்து உடைக்குள்ளிருந்து பிஸ்டலை எடுத்தான். சாதாரண உடையில் நின்றிருந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஜஸ்பீர் சிங், பாய்ந்து அவன் கையைப் பிடித்து மேலே தள்ளினார். குண்டு சுவரில் பட்டது. ஒருவருக்கும் காயமில்லை.

அங்கே ஜஸ்பீர் சிங் தன் துப்பாக்கியை எடுத்திருந்தால்? கூட்டத்துக்கு நடுவில் இரண்டு துப்பாக்கிகள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வருகிறவர்களின் கைகளை. அதுதான் பயிற்சி.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள் அத்திவரதர் தரிசனத்தில் காஞ்சிபுரம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ராம்நாத் கோவிந்த் முதல் சினிமா நட்சத்திரங்கள் வரை வந்தார்கள். வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி நடக்க முடியாது. இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே போதும். குண்டு படுவதைவிட நெரிசலில் மிதிபடுபவர்கள் அதிகமாக இருப்பார்கள். அப்படி ஓர் இடத்தில் துப்பாக்கி ஏந்தும் காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம், அதை வெளியே எடுக்காமல் வேலையை முடிப்பது. இன்னொன்று, வேறு யாரும் தன் இடுப்பிலிருந்து அதைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. இதற்கும் தனிப் பயிற்சி உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி, பெரியப்பாவிடம் திருத்தி வாங்கி, என் சிநேகிதனிடம் கொடுத்தேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இப்படி வேலை வந்தால் உதவட்டும் என்று இங்கேயும் தருகிறேன்.

* துப்பாக்கி லைசென்ஸில் என் பெயர் இருக்கிறதா? லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும், எப்போது காலாவதி? (இப்போது லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும்.) நகல் என் கையில் இருக்குமா?

* என்னை யார் பயிற்சிக்கு அனுப்புவார்கள்? சேரும்போது ஒருமுறை மட்டுமா, வருடா வருடமா? தோட்டாச் செலவு யாருடையது?

* ராத்திரி துப்பாக்கி எங்கே இருக்கும்? யார் பூட்டுவார்கள்? சாவி யாரிடம்? தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைப்பது யார் பொறுப்பு?

* நான் காயம்பட்டால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? வேறு யாருக்காவது காயம்பட்டு வழக்கு வந்தால் வக்கீல் வைப்பது யார்?

* எப்போது சுட வேண்டும், எப்போது கூடாது என்று எழுத்தில் கொடுப்பீர்களா?

வேலைக்கு ஆள் வைப்பவர்களும் இதே கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம். நகைக்கடை, பட்டுக்கடை, பேங்க் என்று நம் ஊரில் துப்பாக்கிக் காவலர்கள் நிற்கும் வாசல்கள் இருக்கின்றன. அங்கே நிற்கும் பெரியவர் கடைசியாக எப்போது சுடுதளத்துக்குப் போனார் என்று ஒரு முறை விசாரியுங்கள். ஏ.டி.எம்.-களுக்குப் பணம் கொண்டுபோகும் வேன்களுக்கு 2018-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஒரு வேனுக்கு இரண்டு ஆயுதக் காவலர்கள், நகரத்தில் இரவு 9 மணிக்கு மேல் பணம் நிரப்பக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. காவலுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கும் நாம், அந்தக் கைகளுக்குப் பழக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. “சுடுங்க சார்” என்று கத்தாமல் இருப்பது.

அப்புறம் என்ன ஆச்சு?

சிநேகிதன் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போனான். முதல் இரண்டு கேள்வி வரைக்கும்தான் கேட்டிருக்கிறான். “இவ்ளோ கேள்வி கேக்கிறவன் எனக்கு எதுக்குப்பா? நிக்கச் சொன்னா நிக்கிற ஆள் ஆயிரம் பேர் இருக்கான்” என்று பதில் வந்திருக்கிறது. வேலை போய்விட்டது. அல்லது, வரவே இல்லை.

அத்தையை அன்று சாயங்காலம் பார்த்தேன். நல்லது செய்திருக்கிறோம் என்ற நினைப்பில் போனேன். அவர் முகம் அப்படி இல்லை. “நல்லதுதான் பாப்பா... ஆனா அடுத்த மாசம் தவணைக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல” என்றார். என்னிடம் அதற்கும் பதில் இல்லை. 28,000 ரூபாய் ஒரு வீட்டுக்கு என்னவென்று எனக்கும் தெரியும்.

அவன் இப்போதும் தறியில்தான் இருக்கிறான். காலையில் தெருமுனை மைதானத்தில் ஓடுகிறான். போலீஸ் தேர்வுக்குப் படிக்கப்போவதாகச் சொல்கிறான். கிடைக்காவிட்டால், லைசென்ஸ் உள்ள ஒரு ஏஜென்சியில் முறையாக 20 நாள் பயிற்சி எடுத்துச் சேர்வானாம். விருப்பப் பாடத்தையும் கேட்டு வாங்கிப் படிப்பானாம்.

நேற்று மாலை பெரியப்பா வாசலில் அவனை உட்கார வைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கையில் துப்பாக்கி இல்லை, ஒரு குடைதான் இருந்தது. குடையைத் தரையை நோக்கிப் பிடித்திருந்தான் அவன். ஏதோ பேச்சில் கை லேசாக உயர்ந்து, குடை நுனி தெருவில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் பக்கம் திரும்பியது.

“குழலைக் கீழ பிடி!” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் சந்திப்போம்.